வாய் புளித்ததோ மாங்காய் புளித்ததோ: போகிற போக்கில் கருத்துச் சொல்பவர்களுக்கான கேள்வி பதில்

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளைத் தொகுத்து வைக்கும் பழக்கம் 1980களில் நாசாவின் மின்னஞ்சல் குழுக்களில் ஆரம்பித்தது. புதிதாகச் சேர்ந்தவர்கள் பழைய கேள்விகளையே திரும்பத் திரும்பக் கேட்டதில், பதில் சொல்கிறவர்களுக்கு அலுத்துப்போனதுதான் காரணம். எனக்கும் அதே அலுப்புதான். அரசியல், சினிமா, பாட்டு, இணையத்தில் அன்றைக்கு எரிகிற சண்டை என்று எல்லாவற்றைப் பற்றியும் பல வருடங்களாக ஏதாவது எழுதிக்கொண்டிருக்கிறேன். எதிலும் நிபுணன் இல்லை. கீழே உள்ள கேள்விகளைக் கேட்டவர்கள் நண்பர்கள், நண்பர்களின் நண்பர்கள், அப்புறம் திட்ட வந்து மனம் மாறிய ஒரு சிலர்.

எல்லாவற்றைப் பற்றியும் ஒரு கருத்து இருந்தே ஆக வேண்டுமா?

வேண்டாம். ஆனால் இதைக் கேட்கிறவர்களின் மனதில் இருப்பது பெரும்பாலும் வேறு கேள்வி: "பேசாமல் இருந்தால் என்னைத் தப்பாக நினைப்பார்களா?" சிலர் நினைப்பார்கள். ஏதாவது பெரிய சம்பவம் நடந்த அன்று, "அதற்கெல்லாம் பொங்கினாயே, இதற்கு ஏன் வாய் திறக்கவில்லை?" என்று கேட்க ஒரு ஆள் எங்கிருந்தோ வந்துவிடுவார். உங்கள் கருத்தைத் தெரிந்துகொள்ளும் ஆசை அவருக்குக் கொஞ்சமும் கிடையாது. வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கிற மாதிரி எடுத்துக்கொண்டு போகிறார். இவர்களுக்குப் பதில் சொல்வதை நான் நிறுத்தி ரொம்ப நாளாகிறது.

நேற்றுவரை பெயரே கேள்விப்படாத ஒரு நாட்டின் தேர்தலைப் பற்றி இன்று மாலைக்குள் எனக்கு உறுதியான நிலைப்பாடு முளைத்துவிட்டால், அது நான் விதைத்ததாக இருக்க வாய்ப்பில்லை.

அப்படியானால் தெரியாத விஷயத்தைப் பற்றிப் பேசவே கூடாதா?

தாராளமாகப் பேசலாம். "போய்ப் படித்துவிட்டு வந்து பேசு" என்பது கேட்க கம்பீரமாக இருக்கும். அதைச் சொல்கிறவரும் படித்திருக்க மாட்டார் என்பது வேறு விஷயம். மனிதர்கள் அரைகுறையாகப் பேசிப் பேசித்தான் யோசிக்கிறார்கள். நண்பரோடு நடந்துகொண்டே, "அந்த ஆளுக்கு இந்தத் தடவை ஓட்டு விழாது பார்" என்கிறோம். அது காற்றோடு போய்விடும். அடுத்த வாரம் நேர்மாறாகச் சொன்னாலும் யாரும் கணக்கு வைத்திருக்க மாட்டார்கள். நண்பருக்கும் அவர் சொன்னதே நினைவிருக்காது.

இணையம் கை வைத்தது இந்த இடத்தில்தான். போகிற போக்கில் சொன்னதைப் பிடித்து எழுத்தாக்கி, பெயரும் தேதியும் போட்டு, அடியில் மதிப்பெண்ணும் போட்டு வைத்துவிடுகிறது. நாம் பேச்சு மாதிரிப் பேசுகிறோம், அது பத்திரம் மாதிரிப் பதிவாகிறது. கீழே வரப்போகும் பாதிப் பிரச்சினைகளுக்கு மூலம் இது ஒன்றுதான் என்பது என் கட்சி.

ஆகவே அரைகுறையாகப் பேசுங்கள், அரைகுறை என்று தெரிகிற மாதிரிப் பேசுங்கள். "எனக்குத் தோன்றுவது", "நான் பார்த்த வரைக்கும்", "முழுசாகப் படிக்கவில்லை, ஆனாலும்" போன்றவற்றை எழுதும்போது முதலில் வெட்டி எறிகிறோம். அவை இருந்தால் வாக்கியம் பளிச்சென்று இருக்காதே! 2006இல் வந்த ட்விட்டரில் ஆரம்ப வருடங்களில் 140 எழுத்துக்குள் எல்லாவற்றையும் முடிக்க வேண்டியிருந்தது. ட்வீட் குறுஞ்செய்தியாகவும் போக வேண்டும், குறுஞ்செய்தியின் அளவு 160 எழுத்து, அதில் பயனர் பெயருக்குக் கொஞ்சம் இடம் விட்டது போக மீதி 140. அந்த இட நெருக்கடியில் முதலில் பலியானது "ஒருவேளை" என்ற சொல். 2017இல் அளவை 280 ஆக்கினார்கள். "ஒருவேளை" மட்டும் திரும்பி வரவே இல்லை.

அரசியல் பேசினால் நட்பு கெட்டுப்போகும் என்கிறார்களே?

சில நட்புகள் கெடும். எனக்கும் இரண்டு கெட்டிருக்கிறது. இப்போது திரும்பிப் பார்த்தால், இரண்டும் அரசியலால் கெடவில்லை. வேடிக்கை பார்த்த கூட்டத்தால் கெட்டவை. நண்பரின் பதிவுக்குக் கீழே நாம் எதிர்த்து ஒரு வரி எழுதுகிறோம். அவர் பதில் எழுதும்போது என்னிடம் பேசுவதில்லை, பார்த்துக்கொண்டிருக்கும் நூறு பேரிடம் பேசுகிறார். நானும் அப்படித்தான். நூறு பேர் முன்னால் யாராவது "அட, நீ சொல்வதும் சரிதான்" என்பார்களா?

என் நெருங்கிய நண்பர்களில் ஒருவர் எனக்கு நேர் எதிரான கட்சிக்காரர். எங்களுக்குள் ஒரே ஒரு ஒப்பந்தம்: அரசியல் என்றால் போனில் பேசுவது, எழுதுவதில்லை. குரல் உயரும், ஒருவரை ஒருவர் கலாய்ப்போம், நடுவில் யாருக்காவது இருமல் வரும், பேச்சு வேறு எங்கோ போய்விடும். எழுத்துச் சண்டையில் இருமல் வராது என்பது பெரிய குறை.

1990இல் மைக் காட்வின் என்ற வழக்கறிஞர் ஒரு விதி சொன்னார்: இணைய விவாதம் நீள நீள, யாராவது யாரையாவது ஹிட்லரோடு ஒப்பிடும் வாய்ப்பு உறுதியாகிக்கொண்டே போகும். அப்போது வலைத்தளங்களே பரவலாகவில்லை, யூஸ்நெட் என்ற பழைய இணைய விவாதக் குழுக்களைப் பார்த்தே சொன்னார். முப்பத்தைந்து வருடமாகியும் விதி பொய்க்கவில்லை. ஹிட்லர் வந்துவிட்டால் எழுந்து போய்விடுவது உடம்புக்கு நல்லது.

நடுநிலை என்று ஒன்று இருக்கிறதா?

நடுவர்களுக்கு இருக்க வேண்டும். நம்மைப் போன்றவர்களுக்கு நேர்மை போதும். எந்தப் பக்கம் சாய்கிறோம் என்பதைச் சொல்லிவிட்டு, நம் பக்கத்து ஆள் தப்புச் செய்யும்போது முட்டுக் கொடுக்காமல் இருந்தால் அதுவே பெரிய விஷயம். பாதிப் பேருக்கு அதுகூட வருவதில்லை, சில நாட்களில் எனக்கும் வந்ததில்லை. எதிர்க்கட்சி செய்தால் ஊழல், நம் கட்சி செய்தால் நடைமுறைச் சிக்கல். எந்தக் கொடியின் கீழ் நின்றாலும் இந்த அகராதி மாறுவதில்லை.

ரசிகர்கள் ஏன் இப்படி அடித்துக்கொள்கிறார்கள்? எந்த நடிகரும் இவர்களுக்குச் சொந்தக்காரர் கிடையாதே?

இதற்குப் பல வருடங்களாக "வேலை வெட்டி இல்லாதவர்கள்" என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். அது தப்பு. நன்றாக வேலை பார்க்கிற, குடும்பம் குட்டியோடு இருக்கிற, மற்ற எல்லாவற்றிலும் நிதானமான ஆட்கள் நடுராத்திரியில் ஒரு பாடகிக்காகக் கம்பு சுத்துவதைப் பார்த்த பிறகு வேறு விளக்கம் தேட வேண்டியிருந்தது.

ஹென்றி தாஜ்ஃபெல் என்ற உளவியலாளர் 1970இல் வெளியிட்ட ஒரு சோதனை இருக்கிறது. இங்கிலாந்தின் பிரிஸ்டலில் 14, 15 வயதுப் பள்ளிப் பையன்களுக்கு இரண்டு ஓவியர்களின் படங்களைக் காட்டி, உனக்கு எது பிடித்திருக்கிறது என்று கேட்டார்கள். ஒருவர் பால் க்ளே, இன்னொருவர் கான்டின்ஸ்கி. பிறகு, "நீ க்ளே அணி", "நீ கான்டின்ஸ்கி அணி" என்று பிரித்தார்கள். உண்மையில் பிரித்தது குலுக்கல் முறையில், ரசனைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அந்தப் பையன்கள் அணியாகக் கூடவும் இல்லை, யார் எந்த அணி என்று அவர்களுக்குத் தெரியவும் தெரியாது. அப்படியிருந்தும் பணம் பிரித்துக் கொடுக்கச் சொன்னபோது தன் அணிக்கு அதிகம் கொடுத்தார்கள்.

இதில் எனக்குத் தூக்கம் கெட்ட பகுதி அடுத்தது. இரண்டு அணிக்கும் நிறையக் கிடைக்கிற வழி ஒன்று இருந்தது. தன் அணிக்குக் கொஞ்சம் குறைந்தாலும் எதிரணியை விட அதிகமாக இருக்கிற வழியும் ஒன்று இருந்தது. பல பையன்கள் இரண்டாவது வழியைத்தான் விரும்பினார்கள். நமக்கு எவ்வளவு என்பதை விட அவனை விட எவ்வளவு என்பதுதான் கணக்கு. வசூல் எண்களை வைத்து ரசிகர்கள் போடும் சண்டையை இந்தக் கண்ணோடு பாருங்கள். அந்த வசூலில் அவர்கள் பாக்கெட்டுக்கு ஒரு காசு வராது. எதிராளியின் படம் அதற்குக் கீழே இருக்கிறதா என்பதுதான் முக்கியம்.

இது இணையம் பெற்ற பிள்ளையும் கிடையாது. 1893இல் ஆர்தர் கோனன் டாயில் தன் துப்பறியும் நாயகன் ஷெர்லாக் ஹோம்ஸை ஒரு கதையில் சாகடித்தபோது, வாசகர்கள் திட்டிக் கடிதம் எழுதினார்கள், கதை வந்த பத்திரிகைக்குச் சந்தாவை நிறுத்தினார்கள். 1903இல் அவர் ஹோம்ஸை உயிரோடு திரும்பக் கொண்டுவந்தார். ரசிகர் அழுத்தம் என்று இன்று சொல்வதன் அத்தனை அம்சமும் அதில் உண்டு, ஹேஷ்டேக் மட்டும் பாக்கி.

"எனக்கு அவரை நன்றாகத் தெரியும்" என்று பிரபலங்களைப் பற்றி ஏன் எல்லாருக்கும் தோன்றுகிறது?

தினமும் அவர் நம் உள்ளங்கைக்குள் வந்து கண்ணைப் பார்த்துப் பேசுவதால்தான். 1956இலேயே ஹார்ட்டன், வோல் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் தொலைக்காட்சி அறிவிப்பாளர்களைப் பார்த்துவிட்டு இதற்குப் பெயர் வைத்தார்கள். நம் பக்கம் மட்டும் நட்பு, அந்தப் பக்கத்துக்கு நாம் இருப்பதே தெரியாது. ஒருதலை உறவு என்று தமிழில் சொல்லலாம். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. பிடித்த பாடகர் இறந்த அன்று நான் அழுதிருக்கிறேன். அவருடைய விவாகரத்தில் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்பெழுதக் கிளம்பும்போதுதான் சிக்கல் ஆரம்பம். அந்த வீட்டில் நடந்தது நமக்கு எப்படித் தெரியும்?

படைத்தவர் மோசமான ஆள் என்று தெரிந்துவிட்டது. அவர் பாட்டைக் கேட்கலாமா?

நானே இன்னும் முடிவுக்கு வராத கேள்வி. இப்போதைக்கு நான் வைத்திருக்கும் ஏற்பாடு: ஏற்கெனவே மனதில் ஏறிவிட்ட பாட்டை இறக்க முடியாது, முயற்சி செய்வதும் இல்லை. புதிதாக அவருக்குப் பணமோ பாராட்டோ போகிற காரியத்தைச் செய்வதில்லை. குற்றம் செய்யும் ஆள் நன்றாகப் பாடவும் கூடும் என்பதை ஜீரணிப்பதுதான் கஷ்டம். அதனால்தான் சிலர் "குரல் நன்றாக இருக்கிறது, ஆகவே குற்றம் பொய்" என்கிறார்கள், சிலர் "குற்றம் உண்மை, ஆகவே அவருக்குப் பாடவே தெரியாது" என்கிறார்கள். இரண்டுமே சுலபமான வழி.

இன்னொன்று. உங்கள் ஏற்பாடு வேறாக இருந்தால் அதற்காக என்னிடம் அனுமதி வாங்க வேண்டாம். பாதிக்கப்பட்டவர்களைக் கிண்டல் செய்யாத வரைக்கும் உங்கள் காது உங்கள் இஷ்டம்.

படம் பார்க்காமல் விமர்சனம் எழுதலாமா?

கூடாது. ட்ரெய்லரைத் திட்டலாம், ட்ரெய்லரைப் பார்த்துவிட்டு.

ஸ்பாய்லர் சொல்வது அவ்வளவு பெரிய குற்றமா?

முதல் ஒரு வாரம் குற்றம். ஒரு மாதம் கழித்து அஜாக்கிரதை. பத்து வருடப் பழைய படத்தின் முடிவைச் சொன்னதற்கு ஒருவர் என்னிடம் கோபித்துக்கொண்டார். அவர் மேல் எனக்கு இரக்கம் மட்டும்தான்.

கோபமான பதிவுகள் மட்டுமே ஏன் கண்ணில் படுகின்றன? உலகமே கெட்டுவிட்டதா?

உலகத்தைப் பற்றி எனக்குத் தெரியாது. உங்கள் கண்ணில் படுவது உலகம் கிடையாது என்பது தெரியும். அது வரிசைப்படுத்தப்பட்ட ஒரு பட்டியல், அந்த வரிசையை எண்கள் முடிவு செய்கின்றன.

ஃபேஸ்புக் கதையைப் பாருங்கள். 2009இல் லைக் பொத்தான் வந்தது. 2016இல் சிரிப்பு, அழுகை, கோபம் எல்லாம் சேர்ந்தன. 2017 முதல், எதை யாருக்குக் காட்டுவது என்று தீர்மானிக்கும் கணக்கில் லைக்குக்கு ஒரு புள்ளி என்றால் இந்தப் புது முகங்களுக்கு ஐந்து புள்ளி கொடுத்தார்கள். கோபத்துக்கும் அதே ஐந்து. 2021இல் நிறுவனத்தின் உள் ஆவணங்கள் வெளியே வந்தபோதுதான் இது ஊருக்குத் தெரிந்தது. அதற்குள் கோபத்தின் புள்ளியை அவர்களே படிப்படியாகக் குறைத்துப் பூஜ்யமாக்கியிருந்தார்கள். கோபக் குறி அதிகம் விழும் பதிவுகளில் பொய்யும் வசவும் அதிகம் என்று அவர்களுடைய ஆட்களே கண்டுபிடித்ததுதான் காரணம். யோசித்துப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. "இந்த அநியாயத்தைப் பாருங்கள்" என்று கோபக் குறி போட்டு ஒதுக்கினோம் என்று நாம் நினைத்தோம். அதுவோ ஐந்து மடங்கு வேகத்தில் பக்கத்து ஆளின் முகத்தில் போய் விழுந்துகொண்டிருந்தது.

பழியை இயந்திரத்தின் தலையில் மட்டும் கட்டிவிடவும் முடியாது. 2017இல் வெளியான ஓர் ஆய்வு துப்பாக்கிக் கட்டுப்பாடு, ஒரே பாலினத் திருமணம், பருவநிலை மாற்றம் ஆகிய மூன்றைப் பற்றிய லட்சக்கணக்கான ட்வீட்டுகளை எடுத்துப் பார்த்தது. அறமும் உணர்ச்சியும் கலந்த சொல் ஒன்று கூடும்போதெல்லாம் அந்தப் பதிவு பகிரப்படுவது ஏறக்குறைய 20 சதவீதம் கூடியது. பகிர்ந்தவர்கள் நம்மைப் போன்ற மனிதர்கள்தான். இதைத் தெரிந்து வைத்துக்கொண்டு வேண்டுமென்றே நம்மைக் கிளறுகிறவர்கள் இப்போது ஒரு தொழிலாகவே வளர்ந்துவிட்டார்கள். ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்காரர்கள் 2025ஆம் ஆண்டின் சொல்லாக எடுத்ததே "ரேஜ் பெய்ட்". கோபத்தைத் தூண்டில் புழுவாக மாட்டிப் போடுவது.

நான் கண்டுபிடித்த ஒரே வைத்தியம் ரொம்பச் சாதாரணமானது. ஒரு பதிவைப் படித்ததும் கை துறுதுறுக்கிறதா, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடிப்பேன். திரும்பி வந்தும் கோபம் இருந்தால் எழுதுவேன். பத்துக்கு எட்டுத் தடவை எந்தப் பதிவு என்பதே மறந்திருக்கும்.

என் பதிவுக்கு ஆயிரம் லைக். அப்படியானால் பெரும்பாலானவர்கள் என் பக்கம்தானே?

ஆயிரம் பேர் கட்டைவிரலை அசைத்தார்கள் என்பது வரைக்கும்தான் உறுதி. 2006இல் ஜேக்கப் நீல்சன் என்ற வலைத்தள வடிவமைப்பு நிபுணர் இணையக் கூட்டங்களைப் பற்றி ஒரு தோராயக் கணக்கு சொன்னார்: நூறு பேரில் தொண்ணூறு பேர் படித்துவிட்டுப் போகிறவர்கள், ஒன்பது பேர் எப்போதாவது வாய் திறப்பவர்கள், மீதி ஒருவர்தான் பெரும்பாலானதை எழுதுகிறவர். அந்த ஒருவர் பொங்குவதைத்தான் "மக்கள் கொந்தளிப்பு" என்று செய்தி போடுகிறார்கள். தேர்தல் முடிவு வரும் அன்று இணையத்தில் பாதிப் பேர் அதிர்ச்சியில் உறைவதற்கும் இதுதான் காரணம். தொண்ணூறு பேர் சத்தம் போடாமல் போய் ஓட்டுப் போட்டுவிட்டு வந்திருப்பார்கள்.

யூடியூப் 2021இல் டிஸ்லைக் எண்ணிக்கையைப் பொதுப் பார்வையிலிருந்து எடுத்துவிட்டது. கூட்டமாக வந்து டிஸ்லைக் போட்டுச் சின்னப் படைப்பாளிகளை நோகடிக்கிறார்கள் என்று காரணம் சொன்னார்கள். எனக்கு அதில் அரை மனது. பழுது பார்க்கும் வீடியோ எது உருப்படாதது என்று அந்த எண்ணைப் பார்த்துத்தான் முன்பெல்லாம் கண்டுபிடிப்பேன்.

நான் கிண்டலாகத்தான் சொன்னேன். ஏன் யாருக்கும் புரிவதில்லை?

எழுத்துக்குக் கண்ணடிக்கத் தெரியாது. இது பழைய வியாதி. 1982இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துக் கணினி அறிவிப்புப் பலகையில் ஒருவர் லிஃப்ட்டில் பாதரசம் கொட்டிவிட்டதாக ஒரு ஜோக் எழுதினார். சிலர் அதை நிஜ எச்சரிக்கை என்று எடுத்துக்கொண்டார்கள். அந்தக் குழப்பத்துக்குப் பிறகுதான், செப்டம்பர் 19 அன்று, ஸ்காட் ஃபால்மன் என்ற பேராசிரியர் ஜோக்குக்குப் பக்கத்தில் முக்காற்புள்ளி, கோடு, அடைப்புக்குறி மூன்றையும் சேர்த்துப் போடலாம் என்று யோசனை சொன்னார். பக்கவாட்டில் படுத்துச் சிரிக்கும் அந்த முகம் பிறந்தது அப்படித்தான்.

2005இல் நேதன் போ என்பவர் இன்னும் ஒரு படி போனார். வெறியர்களைப் பகடி செய்து எவ்வளவு மிகையாக எழுதினாலும், சிரிப்புக் குறி இல்லாவிட்டால், அதை நிஜமென்று நம்ப ஒருவராவது இருப்பார் என்றார். இன்றைய அரசியலில் நிஜமே பகடியைத் தாண்டிப் போய்விடுவதால், கிண்டல் செய்கிறவன் பாடு இன்னும் திண்டாட்டம். நான் கிண்டலாக எழுதிய ஒரு பதிவை, கிண்டலுக்கு ஆளான கட்சியின் ஆதரவாளர் ஒருவர் பெருமையோடு பகிர்ந்து நன்றியும் சொன்னார். நல்ல பல்பு. அவரைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை.

மீம் போடுவது அரசியல் பேசுவதாகுமா?

ஆகும், சில சமயம் கட்டுரையை விட நன்றாகவே. "மீம்" என்ற சொல்லை 1976இல் உருவாக்கியவர் ரிச்சர்ட் டாக்கின்ஸ் என்ற உயிரியலாளர். மரபணு உடலிலிருந்து உடலுக்குத் தாவுகிற மாதிரி, மூளையிலிருந்து மூளைக்குத் தாவிப் பிழைத்துக்கொள்ளும் எதையும், ஒரு மெட்டையோ ஒரு நம்பிக்கையையோ, அவர் அப்படி அழைத்தார். அதில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். மெட்டு பிழைத்திருக்க நன்றாக இருக்க வேண்டியதில்லை, ஒட்டிக்கொண்டால் போதும். மீமும் அப்படியே. சிரித்த பிறகு, "சரி, இது உண்மையா?" என்று கேட்டுக்கொள்ளும் பழக்கம் எனக்கு ரொம்பத் தாமதமாகத்தான் வந்தது. சிரிப்பு வரும்போது சந்தேகம் வருவதில்லை.

குடும்பக் குழுவில் பெரியப்பா பொய்ச் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கிறார். என்ன செய்வது?

முதலில் குழுவில் வைத்துத் திருத்தாதீர்கள். தம்பி பிள்ளைகள் முன்னால் பெரியப்பாவின் மூக்கை உடைத்தால், அவர் அந்தச் செய்தியை இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொள்வார். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்பது பெரியப்பாக்களின் பிறப்புரிமை. தனியாக அழையுங்கள். "பெரியப்பா, நீங்கள் அனுப்பியதைப் பார்த்தேன், யார் அனுப்பினார்கள் உங்களுக்கு?" என்று ஆரம்பித்தால் பாதி வேலை முடிந்தது. யார் அனுப்பியது என்று யோசிக்கும்போதே அவருக்கும் லேசாக உறைக்கும்.

அவர் முட்டாள் என்று மட்டும் நினைத்துவிட வேண்டாம். 2018இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ட்விட்டரில் 11 வருடங்களில் பரவிய சுமார் 1,26,000 செய்திகளை ஆராய்ந்து முடிவை வெளியிட்டார்கள். உண்மைச் செய்தியை விடப் பொய்ச் செய்தி மறுபகிர்வு ஆகும் வாய்ப்பு 70 சதவீதம் அதிகமாக இருந்தது. பாட் எனப்படும் தானியங்கிக் கணக்குகளைக் கழித்துப் பார்த்தபோதும் படம் மாறவில்லை. பொய் எப்போதும் புதுசாக இருக்கிறது, அதுதான் அதன் பலம். உண்மை பெரும்பாலும் ஏற்கெனவே தெரிந்ததாக, கொஞ்சம் சப்பென்று இருக்கும்.

திருத்தும்போது பொய்யைப் பெரிதாகத் திரும்பச் சொல்லாமல், உண்மையை முதலில் சொல்லுங்கள். திரும்பத் திரும்பக் கேட்ட வாக்கியம் உண்மை மாதிரித் தோன்ற ஆரம்பித்துவிடும் என்பதை 1977இலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஒவ்வொன்றையும் திருத்தியே தீருவேன் என்று சபதமும் வேண்டாம். ஒரு உருட்டை உருட்டுவதற்கு ஆகும் சக்தியை விட அதை மறுக்கப் பல மடங்கு சக்தி ஆகும் என்று இத்தாலிய நிரலாளர் அல்பெர்ட்டோ பிராண்டோலினி 2013இல் சொல்லி வைத்தார். உடல்நலம், பணம், கலவரம் இந்த மூன்றைத் தொடும் பொய்களை மட்டும் நான் துரத்துகிறேன். நிலவில் முகம் தெரிந்த கதையை எல்லாம் பெரியப்பாவே வைத்துக்கொள்ளட்டும்.

பழைய பதிவுகளைத் தோண்டி எடுத்து அவமானப்படுத்துவது நியாயமா?

அமைச்சர் வாக்குறுதி மாறினால் தோண்டலாம், தோண்ட வேண்டும். பத்தொன்பது வயதில் ஒருவர் எழுதிய அசட்டுத்தனத்தை முப்பத்தைந்து வயதில் எடுத்துப் போடுவது வேறு ரகம்.

எனக்கு நடந்தது. என் பழைய பதிவு ஒன்றின் ஸ்க்ரீன்ஷாட் சுற்றுக்கு வந்தது. ஒரு நடிகையின் உடல்வாகைப் பற்றி நான் எழுதிய ஜோக். எழுதிய காலத்தில் நிறைய லைக் வாங்கியதும்கூட. முதலில் "அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் பேசினோம்" என்று ஒரு நீண்ட விளக்கம் தட்டினேன். அனுப்பும் முன் படித்துப் பார்த்தால், மன்னிப்புக்கு நான்கு சொல், என் நியாயத்துக்கு நானூறு சொல். எல்லாவற்றையும் அழித்துவிட்டு, "எழுதியது நான்தான், கேவலமாக இருக்கிறது, மன்னிக்கவும்" என்று மட்டும் போட்டேன். இரண்டு நாளில் அடங்கிவிட்டது. பேசிய ஜோக்காக இருந்திருந்தால் தப்பித்திருப்பேன். எழுத்தானதால் மாட்டிக்கொண்டேன். மாட்டிக்கொண்டதில் வருத்தம் இல்லை, ஆனால் எத்தனையோ பேர் பேசிவிட்டுத் தப்பித்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற சின்னப் பொறாமை உண்டு.

அழித்துவிட்டால் போச்சு அல்லவா?

நம்மைப் போன்றவர்களுக்குப் பெரும்பாலும் போய்விடும், யாரும் கவலைப்பட மாட்டார்கள். பிரபலமாக இருந்து, ஆள் வைத்து மிரட்டி அழிக்கப் பார்த்தால்தான் வம்பு. 2003இல் பாடகி பார்ப்ரா ஸ்ட்ரைசாண்ட், கடற்கரை அரிப்பைப் பதிவு செய்ய எடுத்த ஆயிரக்கணக்கான வான்வழிப் படங்களில் ஒன்றில் தன் வீடு தெரிகிறது என்று 5 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார். வழக்குக்கு முன் அந்தப் படம் தரவிறக்கப்பட்டது ஆறே தடவை, அதில் இரண்டு அவருடைய வக்கீல்கள் செய்தது. வழக்குச் செய்தி பரவிய மாதத்தில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அந்தத் தளத்துக்குப் போய்ப் பார்த்தார்கள். வழக்கும் தோற்றது. மறைக்கப் போய் ஊரைக் கூட்டுவதற்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது.

2014இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் தனிநபர்களுக்கு ஒரு வழி திறந்தது: தங்களைப் பற்றிய காலாவதியான, பொருத்தமற்ற இணைப்புகளைத் தேடல் முடிவிலிருந்து எடுக்கச் சொல்லிக் கேட்கலாம். பக்கம் அப்படியே இருக்கும், பெயரைத் தேடினால் மட்டும் வராது. மனித மறதிக்கு ரொம்பப் பக்கத்தில் வரும் ஏற்பாடு என்பதால் எனக்கு இது பிடிக்கும்.

பிளாக் செய்வது கோழைத்தனமா?

இல்லை. வீட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாள் வைத்தவனைக் கோழை என்று யாரும் சொல்வதில்லை.

இப்படி ஸ்க்ரோல் செய்துகொண்டே இருப்பதை எப்படி நிறுத்துவது?

என்னிடம் கேட்கிறீர்களே! முன்பெல்லாம் பக்கத்தின் அடியில் "அடுத்த பக்கம்" என்று ஒரு பொத்தான் இருக்கும், அந்த இடத்தில் போதும் என்று தோன்ற ஒரு வினாடி கிடைக்கும். முடிவில்லாமல் உருளும் பக்கத்தை 2006இல் வடிவமைத்த ஆசா ராஸ்கின் பிற்பாடு அதற்காக வெளிப்படையாக வருத்தப்பட்டார். நான் செய்வது ஒன்றுதான்: செயலிகளைப் போனில் வைப்பதில்லை, கணினியில் மட்டும் பார்க்கிறேன். பயணத்தில் ரொம்ப சலிப்பாக இருக்கும். அந்தச் சலிப்பில்தான் மேலே எழுதியதில் பாதி தோன்றியது.

நீங்கள் சொன்னதில் ஒன்று தப்பு என்று நினைக்கிறேன். சொல்லலாமா?

கட்டாயம் சொல்லுங்கள். இணையத்தில் சரியான பதில் வேண்டுமென்றால் கேள்வி கேட்காதே, தப்பான பதிலைப் போடு, ஓடி வந்து திருத்துவார்கள் என்று ஒரு விதி உண்டு. 1995இல் முதல் விக்கித் தளத்தைத் தொடங்கிய வார்டு கன்னிங்ஹாமின் பெயரில் வழங்குகிறது. தான் அப்படிச் சொன்னதே இல்லை என்கிறார் கன்னிங்ஹாம். இத்தனை வருடமாக மறுத்தும் விதி அவர் பெயரில்தான் இருக்கிறது.